நூல் முதல் பீஸ் வரை

ஒரு டி-ஷர்ட் தைக்க எவ்வளவு துணி வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரிந்த தொழிலாளிகள்தான் திருப்பூரில் ஒரு காலத்தில் முதலாளிகள் ஆனார்கள்.

கணக்கு இப்படிப் போகும். உடம்பு நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10. மொத்தம் 104. மார்பு அகலம் 52, தையலுக்கு 4, ஆக 56. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரட்டித்தால் 11,648 சதுர சென்டிமீட்டர். துணி சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றால் பீஸ் எடை ஏறத்தாழ 210 கிராம். வெட்டில் போகும் கழிவையும் சேர்த்தால் 230. பின்னல் துணி கிலோ கணக்கில் விலை போவது. ஆகவே இந்த எண் கையில் இல்லாதவர் விலை பேச உட்கார முடியாது. 10,000 பீஸ் ஆர்டரில் பீஸுக்கு 10 கிராம் தப்பினால் 100 கிலோ துணி நஷ்டம்.

பழைய கட்டிங் மாஸ்டர்கள் இதை மனக்கணக்காகவே போட்டார்கள். துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து அதன் கனத்தைச் சொன்னார்கள். இன்று அளவுகளைத் தட்டினால் மென்பொருள் ஒரு நொடியில் விடையைத் தருகிறது. விடை சரிதான். அது எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர்கள்தான் கம்பெனிகளில் குறைந்து வருகிறார்கள். இந்த மாற்றம் திடீரென்று வந்ததல்ல, அதற்கு நூறு வருட வரலாறு உண்டு.

பனியனுக்கு முன்பே திருப்பூர் பஞ்சுக்கும் நூலுக்கும் பேர்போன ஊர். பருத்திச் சந்தையில் ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, இரண்டு கைப் பெருவிரல்களாலும் இழுத்துப் பிரித்து, இழையின் நீளத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டு ரகம் பிரித்தார்கள். 1925இல் காந்தி தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இயங்கியதும் இங்கிருந்துதான். அந்தச் சங்கத்தின் முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் 1,000 கெஜம் நூலைத் தன் கையால் நூற்றுச் சந்தாவாகக் கட்ட வேண்டும். படித்த வக்கீலானாலும் ராட்டை சுற்றத் தெரியாவிட்டால் அந்த வகுப்பில் இடமில்லை. 1932 ஜனவரியில் இதே ஊரில் கொடியேந்திச் சென்று தடியடியில் விழுந்த குமரன், சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. நூலோடு பழகிய ஊரில் 40ஆம் நம்பர் என்றால் 840 கெஜச் சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பது பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த கணக்கு.

பனியன் வந்த கதையில் ஊர் முதலில் சொல்லும் பெயர் குலாம் காதர். கல்கத்தாவிலிருந்து கையால் சுற்றும் பின்னல் இயந்திரத்தைக் கொண்டுவந்து பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸைத் தொடங்கியவர் அவர். 1925ஐத் தொழிலின் பிறந்த ஆண்டாகக் கொள்வது வழக்கம். 1930களில் பைக்காரா மின்சாரம் கொங்கு நாட்டுக்கு வந்தபின் கைப்பிடி போய் மோட்டார் வந்தது. சுற்றும் வேலை போனதே தவிர, இயந்திரத்தைக் கவனிக்கும் வேலை போகவில்லை. 18 அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள வட்டப் பின்னல் இயந்திரத்தில் 1,300க்கு மேற்பட்ட ஊசிகள் இருக்கும். அதில் ஒன்றின் கொக்கி உடைந்தாலும் துணி நெடுக ஒரு கோடு விழும். கோடு கண்ணில் படும்முன் சத்தத்தில் வரும் மாற்றத்தை வைத்தே மெஷினை நிறுத்தி, கெட்ட ஊசியைத் தேடி எடுத்து மாற்றுபவர்தான் நல்ல ஃபிட்டர் என்று பெயர் வாங்கினார்.

இந்த வித்தைகளை யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. பனியன் கம்பெனிக்குள் நுழையும் சிறுவனுக்கு முதல் வேலை கைமடி. டெய்லருக்கு எதிரே நின்று துணி ஓரத்தை மடித்து மடித்துக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் எழுந்து போனதும் அந்த மெஷினில் கழிவுத் துணியைத் தைத்துப் பழகுவான். பிறகு சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று ஒவ்வொரு மெஷினாக ஏறி, செக்கிங் பார்த்து, மாஸ்டருக்குத் துணி விரித்து, ஒருநாள் தானே கத்தரி பிடிப்பான். கூலி டஜன் கணக்கு. சனிக்கிழமை சம்பளத்துக்கு முன் ஒவ்வொரு டெய்லரும் தன் குறிப்பு நோட்டில் டஜனையும் ரேட்டையும் பெருக்கி வைத்திருப்பார். கணக்குப்பிள்ளையின் தொகையோடு அது ஒத்துப்போகாவிட்டால் கேள்வி கேட்பார். கணக்கு அவருக்குக் கூலியைக் காக்கும் கருவி.

இதை அழகான குருகுலம் என்று கொண்டாட முடியாது. கைமடிக்கு நின்றவர்கள் குழந்தைகள். அவர்கள் கற்ற ஒவ்வொரு பாடமும் பள்ளிக்கூடத்தை விலையாகக் கொடுத்து வாங்கியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அவர்கள் கம்பெனிகளிலிருந்து வெளியேறப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த முறை ஒழிந்தது ஊருக்குக் கிடைத்த பெரிய நன்மை. ஆனால் அதன் இடத்தில், படித்து முடித்து 18 வயதில் வருகிறவருக்கு முழுத் தொழிலையும் கற்றுத்தரும் வேறொரு வழி உருவாகவில்லை.

1990களில் திருப்பூரில் தங்கி ஆய்வு செய்த ஷரத் சாரி, 2004இல் வெளிவந்த தன் நூலில் ஓர் உண்மையை விரிவாகப் பதிவு செய்தார். இங்கே முதலாளிகளில் கணிசமானோர் வெளியிலிருந்து பணத்தோடு வந்தவர்கள் அல்லர். காட்டு வேலையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, அங்கிருந்து கம்பெனி நடத்த வந்தவர்கள். தங்கள் மூலதனம் என்ன என்ற கேள்விக்கு அவர்கள் உழைப்பு என்று பதில் சொன்னார்கள். உழைப்பு என்று அவர்கள் சொன்னதற்குள் நூலின் நம்பர் முதல் பெட்டி கட்டுவது வரை அத்தனை வேலையும் தெரிந்திருந்த அறிவும் அடங்கும். நான்கு மெஷின் போட்டு பவர்டேபிள் (கூலிக்குத் தைக்கும் சிறு பட்டறை) எடுத்தவர் டெய்லர் வராத நாளில் தானே தைத்தார், மாஸ்டர் வராத நாளில் தானே வெட்டினார். அதே நூல் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. அந்த ஏணியில் ஏறியவர்களில் பெரும்பாலோர் கவுண்டர் சமூக ஆண்கள். பெண்களுக்கும் தலித்துகளுக்கும் மேல்படிகள் எட்டவில்லை.

ஏணியின் படிகள் கழலத் தொடங்கியது ஏற்றுமதியோடு. 1978இல் இத்தாலியின் வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கு வந்தார். 1981இல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ கடைகள் வந்தன. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில பத்துக் கோடியைத் தாண்டாத ஏற்றுமதி, 2024-25இல் 40,000 கோடி ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டு பையர் அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கும் சரக்கைத் திருப்புவார். அந்தத் துல்லியத்துக்காக வேலை துண்டு துண்டானது. தோள் சேர்ப்பது ஒருவர், கழுத்துக்கு ரிப் வைப்பது ஒருவர், கை ஏற்றுவது ஒருவர், சைடு அடிப்பது ஒருவர், பாட்டம் மடிப்பது ஒருவர். லைனில் உட்காரும் பெண் பத்து வருடம் தோள் மட்டுமே தைத்தாலும் யாருக்கும் வியப்பில்லை. பின்னர் கம்ப்யூட்டர் வந்தது. அட்டையில் வெட்டிய பேட்டர்ன்கள் திரைக்குப் போயின. துணியை விரிக்கவும் வெட்டவும் தானியங்கி மெஷின்கள் வந்தன. சாயப்பட்டறையில் வெயிலில் பிடித்துப் பார்த்து நிறம் ஒப்பிட்ட இடத்தில் நிறத்தை அளக்கும் கருவியும் கலவையைச் சொல்லும் மென்பொருளும் நிற்கின்றன.

இதில் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொன்னால் அது நேர்மையாகாது. 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே ஸ்தம்பித்தது. நொய்யல் அந்த அளவுக்குக் கெட்டிருந்தது. நிறம் தப்பிய துணியை மறுபடி சாயத்தில் போட்டால் தண்ணீரும் உப்பும் இன்னொரு மடங்கு செலவாகும். முதல் முறையிலேயே சரியான நிறத்தைப் பிடிக்க உதவும் எந்தக் கருவியும் அந்த ஆற்றுக்குச் செய்யும் உதவிதான். நேராக நிற்கும் கத்தியில் விரலைப் பறிகொடுத்த கட்டிங் தொழிலாளிகளின் குடும்பங்களுக்கும் தானியங்கி வெட்டின் அருமை தெரியும்.

பின்னல் தொழிலில் மெஷினைச் சுற்றிய சண்டை புதிதல்ல. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் இரவோடு இரவாக மெஷின்களை உடைத்த லுடைட்டுகள் பின்னல்காரர்கள்தான். கையுறை, காலுறை பின்னும் சட்டகம் அவர்கள் ஊரில் இருநூறு வருடமாகப் புழங்கியது. அதன்மேல் அவர்களுக்குக் கோபமில்லை. அகலமான சட்டகத்தில் பின்னிய துணியை வெட்டித் தைத்துத் தரமில்லாத காலுறை விற்றதும், முறையாகத் தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு உட்கார வைத்ததும்தான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. சட்டகம் உடைப்போருக்கு மரண தண்டனை என்று 1812இல் சட்டம் வந்தபோது, பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன்.

திருப்பூரில் யாரும் மெஷினை உடைக்கவில்லை. தொழில் பழகாதவரை உட்கார வைப்பது மட்டும் அதேபோல நடக்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் இளைஞருக்குச் சில வாரப் பயிற்சி தந்து ஒரே ஆபரேஷனில் அமர்த்துகிறார்கள். அவர் பேசும் மொழி மாஸ்டருக்குத் தெரியாது. உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு மெர்ச்சண்டைசராக, பேட்டர்ன் வரைபவராக நேரே கம்ப்யூட்டர் முன் அமர்கிறார்கள். ஒருவருக்கு ஒரு தையல் தெரியும், இன்னொருவருக்கு ஒரு திரை தெரியும். தசமப் புள்ளி இடம் மாறித் திரையில் பீஸ் எடை 21 கிராம் என்று வந்தால், ஒரு டி-ஷர்ட்டுக்கு இந்த எடை போதவே போதாது என்று அந்த நொடியே சொல்லத் துணியைத் தொட்டுப் பழகிய கை வேண்டும்.

குறை திருப்பூரோடு நிற்பதில்லை. 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களிடம் 2023இல் கல்வி நிலையை அளக்கும் அசர் அமைப்பு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 90 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது, அதைப் பயன்படுத்தவும் தெரிந்தது. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43 சதவீதம்தான். இன்னொரு சோதனை தையல் தொழிலுக்கு நேரே பொருந்துவது. ஒரு பொருளை அளவுகோலின் பூஜ்யத்தில் வைத்தபோது 85 சதவீதத்தினர் நீளத்தைச் சரியாகச் சொன்னார்கள். வேறு எண்ணிலிருந்து தொடங்குமாறு நகர்த்தி வைத்தபோது அது 39 சதவீதமாகச் சரிந்தது. பூஜ்யத்திலிருந்து மட்டும் அளக்கத் தெரிந்தவரிடம் டேப்பைக் கொடுத்து அளவு சரிபார்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்று எந்த செக்கிங் சூப்பர்வைசரும் சொல்வார்.

இவ்வளவுக்கும் போனைக் குற்றம் சொல்வது எளிது. இளைஞர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது அதைவிட எளிது. பத்து மணி நேரம் லைனில் நிற்கிறவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மெஷின் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். அந்த வேலை எதற்கு என்ற அறிவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி அதற்கு யாரும் கட்டளையிடவில்லை. அந்த அறிவை வழங்காமல் விட்டது கம்பெனி நடத்துவோரின் முடிவு. அகலமாகத் தெரிந்த தொழிலின் அருமை 2020இல் தெரிந்தது. ஊரடங்கில் ஆர்டர்கள் ரத்தானபோது, ஏப்ரல், மே மாதங்களுக்குள் திருப்பூர்க் கம்பெனிகள் முகக்கவசத்துக்கும் மருத்துவப் பாதுகாப்பு உடைக்கும் மாறின. பனியன் துணியின் நெகிழ்வு சிறிதும் இல்லாத, நெய்யாத துணியில் தைக்க வேண்டிய உடை அது. ஒரே ஆபரேஷன் தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு அப்படித் திரும்பியிருக்க முடியாது.

வழி இல்லாமல் இல்லை. 1997இல் ஏற்றுமதியாளர்களே முன்நின்று தொடங்கிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சைமா உள்ளிட்ட முதலாளிகள் சங்கங்களோடு அவை உட்கார்ந்து பேசிப் போடும் ஊதிய ஒப்பந்தத்தில் பயிற்சிக்கும் ஒரு ஷரத்து வேண்டும். விரும்பும் ஒவ்வொரு தொழிலாளியும், கூலி குறையாமல், நிட்டிங் முதல் பேக்கிங் வரை ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் சில வாரங்கள் வேலை செய்து பழகலாம் என்று அதில் எழுத வேண்டும். மென்பொருளைத் தொடும்முன் ஒரு பேட்டர்னை அட்டையிலும் ஒரு காஸ்டிங்கைக் காகிதத்திலும் போட்டுக்காட்ட வேண்டும் என்ற விதியைக் கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பழைய ஏணி யாருக்கு எட்டவில்லையோ, தோள் தைக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒடிசாவிலிருந்து வந்த அந்த இளைஞருக்கும், அவரவர் மொழியில் இந்தப் பயிற்சி முதலில் கிடைக்க வேண்டும்.