ஐந்து டாலர் வைஃபை: நோட்எம்சியு பிறந்த கதை



செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் பிராஜெக்ட், செல்போனில் இருந்தே ஃபேன் போடும் பிராஜெக்ட்... எதை எடுத்தாலும் நடுவில் ஒரு சின்ன கறுப்புப் பலகை இருக்கும். அதுதான் நோட்எம்சியு. கடையில் வாங்கி, யுஎஸ்பி ஒயரைச் சொருகி, வேலையை முடித்து விடுகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கதை தெரிந்தால் பலகையின் பல கோணங்கித்தனங்களுக்கும் காரணம் புரியும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆர்டுயினோ. 2005ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்த பலகை. விளக்கு எரிய வைக்கும், மோட்டார் சுற்றும், எல்லாம் செய்யும். ஆனால் இணையத்தோடு பேச வேண்டும் என்றால் அதன் தலையில் தனியாக ஒரு வைஃபை ஷீல்டு ஏற்ற வேண்டும். அந்த ஷீல்டின் விலை பலகையை விட அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதே கதைதான்.

2014 ஆகஸ்ட் வாக்கில் சீனாவின் ஆய்-திங்கர் என்ற நிறுவனம் ஈஎஸ்பி-01 என்றொரு துண்டை விற்க ஆரம்பித்தது. தபால்தலை அளவு, எட்டே எட்டு கால்கள், விலை சுமார் ஐந்து டாலர். அதற்குள் இருந்த சிப் ஈஎஸ்பி8266. அதைச் செய்தது ஷாங்காயில் உள்ள எஸ்பிரசிஃப் நிறுவனம். சிங்கப்பூரைச் சேர்ந்த தியோ சுவீ ஆன் 2008ல் தொடங்கியது.

இந்தத் துண்டை எல்லோரும் முதலில் ஒரு மோடமாகத்தான் பார்த்தார்கள். ஆர்டுயினோ எஜமான், இது வேலைக்காரன். ஏடி என்று தொடங்கும் கட்டளைகளை அனுப்பினால் இது வைஃபையில் சேரும், செய்தி அனுப்பும். அந்தக் கட்டளை முறையும் புதிதல்ல. 1981ல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் என்ற தொலைபேசி மோடத்தின் சொத்து அது!

இங்கேதான் வேடிக்கை. எஜமானான ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8 பிட் சிப். வேலைக்காரனுக்குள் இருந்ததோ 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் பிராசசர். அப்படியானால் எஜமானே தேவையில்லையே! ஆனால் அந்தச் சிப்புக்கு நேராக நிரல் எழுத வழி தெரியவில்லை. கிடைத்த ஆவணங்கள் சீன மொழியில் இருந்தன. பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து அவற்றை மொழிபெயர்த்தார்கள். இலவச ஜிசிசி கம்பைலரை அந்தப் பிராசசருக்குப் பொருத்தினார்கள். 2014 அக்டோபரில் எஸ்பிரசிஃப் நிறுவனமே நிரல் எழுதும் கருவித்தொகுப்பை வெளியிட்டது.

அதே அக்டோபரில்தான் நோட்எம்சியு திட்டத்தின் முதல் கோப்பு கிட்ஹப்பில் ஏறியது. பிரேசிலில் 1993ல் உருவான லுவா மொழியில் இந்தச் சிப்புக்கு நிரல் எழுதலாம் என்பதே அதன் நோக்கம். கொஞ்ச நாளில் பலகையின் வரைபடத்தையும் எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். இன்று ஒரே பெயரில் பல அகலங்களில் பலகைகள் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

பலகை தீர்த்த சிக்கல்கள் மூன்று. ஈஎஸ்பி-01க்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் போச்சு. கணினியோடு இணைக்கத் தனி அடாப்டர் வேண்டும். புது நிரல் ஏற்றும்போது ஜீரோ என்ற காலை கிரவுண்டில் தொட வைத்து ரீசெட் செய்ய வேண்டும். நோட்எம்சியுவில் ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் பலகையிலேயே இருக்கின்றன. மூன்றாவது வேலையை இரண்டு டிரான்சிஸ்டர்கள் தாமாகவே செய்து விடுகின்றன.

2015ல் இவான் குரோகோட்கோவ் முன்னெடுத்த திட்டத்தால் ஆர்டுயினோ மென்பொருளிலேயே இந்தச் சிப்புக்கு எழுத முடிந்தது. இன்றும் நாம் போகும் வழி அதுதான். மென்பொருளின் அமைப்புகளில் ஈஎஸ்பி8266 தொகுப்பின் முகவரியைச் சேர்த்து, போர்டு மேனேஜரில் அதை நிறுவி, நோட்எம்சியு 1.0 பலகையையும் போர்ட்டையும் தேர்வு செய்தால் போதும். போர்ட்டே தெரியவில்லையா? முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள். சில ஒயர்களில் சார்ஜ் ஏறும், டேட்டா போகாது. அதுவும் சரி என்றால் டிரைவரைப் பாருங்கள். பலகையில் சிபி2102 இருக்கிறதா, சிஎச்340 இருக்கிறதா என்பதைப் பொறுத்து டிரைவர் மாறும்.

இன்னொரு பொறி. பலகையில் டி1 என்று அச்சிட்ட கால், சிப்பின் கணக்கில் 5. டி2 என்பது 4. லுவா காலத்தில் நோட்எம்சியு வைத்த எண்கள் அப்படியே தங்கி விட்டன. நிரலில் வெறும் எண் போடாமல் டி1 என்றே எழுதினால் குழப்பம் இல்லை. சிப்பின் பக்கமுள்ள நீல விளக்கும் தலைகீழ்தான், லோ கொடுத்தால் எரியும். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே.

2016ல் ஈஎஸ்பி32 வந்தது. புளூடூத்தும் சேர்ந்து கொண்டது. ஆனாலும் பழைய சிப்பை மக்கள் விடவில்லை.

இந்தக் கதையில் விலையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கடையில் விற்ற சோனாஃப் சுவிட்சுகளுக்குள்ளும் இதே ஈஎஸ்பி8266 இருந்தது. வழி திறந்திருந்ததால் 2016ல் டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருள் பிறந்தது. அதை ஏற்றினால் சுவிட்ச் கம்பெனியின் சர்வரை நம்பி இருக்க வேண்டியதில்லை. சர்வரை நாளை மூடினாலும் நம் வீட்டு விளக்கு எரியும். காசு கொடுத்து வாங்கிய பொருள் உண்மையிலேயே நமக்குச் சொந்தமா என்ற கேள்விக்கு இதுதான் பதில். உள்ளே நிரல் மாற்ற முடிந்தால் சொந்தம், முடியாவிட்டால் வாடகை. ஆனால் அந்தச் சிப்பின் வைஃபை நூலகத்தின் மூலநிரலை எஸ்பிரசிஃப் திறக்கவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான் மற்ற எல்லாவற்றையும் எழுதினார்கள்.

அடுத்த முறை பலகை வாங்கும்போது விலையோடு இதையும் பாருங்கள்: அதன் ஆவணங்கள் யாருக்கெல்லாம் கிடைக்கின்றன?