குடலில் பிறக்கும் இரக்கம்



'பவல்' என்னும் ஆங்கிலச் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் மருத்துவரின் அறையில்தான் கேட்கிறோம். குடல் என்பது அதன் பொருள். லத்தீனில் 'சிறிய சாசேஜ்' என்று பொருள்பட்ட ஒரு சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இவ்வாறாயிற்று. குடலுக்குள் இறைச்சியை அடைத்துத்தானே சாசேஜ் செய்கிறார்கள்! ஆனால் உங்கள் வீட்டில் 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் இருக்குமானால், பிலிப்பியர் 1:8ஐத் திறந்து பாருங்கள். பவுல் அந்தச் சபையார்மேல் வைத்த வாஞ்சையைச் சொல்லுமிடத்தில், கிறிஸ்துவின் 'குடல்கள்' என்றே இருக்கும். கொலோசெயர் 3:12லும், சின்னஞ்சிறிய பிலேமோன் நிருபத்தில் மூன்று இடங்களிலும் அதே சொல்தான். வாலிபர் கூடுகையில் வாசித்தால் சிரிப்பு எழும். சிரிக்கட்டும், சிரித்தபின் யோசிக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் தவறு செய்யவில்லை. கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஸ்ப்ளாங்னா', அதாவது உள்ளுறுப்புகள். யூதாஸின் மரணத்தைச் சொல்லும் அப்போஸ்தலர் 1:18ல் அது வெறும் சரீர உறுப்பையே குறிக்கிறது. அதிலிருந்து பிறந்த வினைச்சொல் முதல் மூன்று சுவிசேஷங்களில் 12 முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அது இயேசுவின் இரக்கத்தையோ, அவர் சொன்ன உவமைகளில் வரும் ராஜா, சமாரியன், இளைய குமாரனின் தகப்பன் ஆகியோரின் இரக்கத்தையோ குறிக்கிறது. மாற்கு 8ஆம் அதிகாரத்தில் அந்த இரக்கத்தைத் தூண்டியது எது? மூன்று நாள் உணவில்லாத ஜனங்களின் பசி. பட்டினியாய் அனுப்பினால் வழியிலே சோர்ந்துபோவார்களே என்று ஆண்டவர் கவலைப்பட்டார். அவர்களுடைய வெறும் வயிறு அவருடைய வயிற்றைக் கலக்கியது என்றே சொல்லலாம்.

நம் தமிழ் வேதாகமம் 'மனதுருகி' என்கிறது. அழகிய சொல். ஆயினும் பேச்சுத் தமிழ் கிரேக்கத்துக்கு இன்னும் அருகில் நிற்கிறது. பிள்ளை வீடு திரும்பத் தாமதித்தால் தாய்க்கு அடிவயிறு கலங்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது. எபிரெயத்திலும் இரக்கம் என்னும் சொல்லும் கருப்பை என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

இந்தச் சொல்லின் சரித்திரத்தில் ஒரு துயரமான பக்கம் உண்டு. 1650ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி, இங்கிலாந்தின் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபைக்கு ஒரு கடிதம் எழுதினார. ஸ்காட்லாந்தியர் இரண்டாம் சார்லஸை அரசராக ஏற்றிருந்த காலம் அது. தாங்கள் தவறியிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கும்படி, கிறிஸ்துவின் 'குடல்களை' முன்னிட்டு அவர் அவர்களை வேண்டிக்கொண்டார். இன்றும் ஆங்கிலேயர் நினைவுகூரும் வாக்கியம் அது. இரு தரப்பாரும் ஒரே வேதத்தை வாசித்தவர்கள். ஒரே ஆண்டவரை நோக்கி ஜெபித்தவர்கள்.

சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 3ஆம் தேதி, டன்பார் என்னுமிடத்தில் யுத்தம் நடந்தது. கிராம்வெல் வென்றார். பிடிபட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ 100 மைல் தொலைவிலுள்ள டர்ஹாமுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியில் மார்பெத் ஊரில் மதில் சூழ்ந்த ஒரு தோட்டத்தில் அவர்களை அடைத்தபோது, அங்கிருந்த முட்டைக்கோசுகளை இலையும் வேருமாகப் பச்சையாகவே தின்று தீர்த்தார்கள். ஏறக்குறைய எட்டு நாள் பட்டினி கிடந்ததாக அவர்களே சொன்னார்கள் என்று, அவர்களுக்குப் பொறுப்பாயிருந்த நியூகாசில் ஆளுநர் ஆர்தர் ஹேசல்ரிக் எழுதியிருக்கிறார். டர்ஹாம் பேராலயமே அவர்களுக்குச் சிறைச்சாலையாயிற்று. உள்ளே சென்றவர்கள் சுமார் 3000 பேர். அக்டோபர் முடிவதற்குள் ஏறத்தாழ 1600 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோன நோய் சீதபேதி. குடல் நோய்தான், பிரியமானவர்களே.

கிராம்வெல்லைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நான் விரும்பவில்லை. கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்தும்படி அவர் செப்டம்பரிலேயே ஹேசல்ரிக்குக்கு எழுதினார். ஹேசல்ரிக்கும் தாம் கஞ்சியும் நிலக்கரியும் கொடுத்ததாகக் கணக்குச் சொல்கிறார். நல்ல வார்த்தைகள் இரு பக்கமும் எழுதப்பட்டன. ஆனால் அந்த நெடுவழியில், பசித்தவனுக்கு அருகில் நடந்த காவலனின் கையில் அப்பம் இருக்கவில்லை. 1 யோவான் 3:17ல், சகோதரனுடைய குறைச்சலைக் கண்டும் தன் 'ஸ்ப்ளாங்னாவை' அடைத்துக்கொள்ளுகிறவனைப்பற்றி அப்போஸ்தலன் கேட்கிறார். கதவை அடைப்பதற்கு வழங்கும் சொல்லையே அங்கே பயன்படுத்துகிறார்.

1881ல் வெளிவந்த ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பு இவ்விடங்களில் 'குடலை' நீக்கி, இருதயம், உருக்கம் என்று எழுதியது. வாசிப்புக்கு அது நாகரிகமாயிருக்கிறது. எனக்கென்னவோ பழைய சொல்லே பிடித்திருக்கிறது. இருதயம் என்றால் உணர்ச்சியோடு நின்றுவிடலாம், வயிறு என்றால் சோறு நினைவுக்கு வந்துவிடுகிறது.

2013ல் அந்தப் பேராலயத்தின் அருகே கட்டடப் பணிக்காகத் தோண்டியபோது, குவியலாய்ப் புதைக்கப்பட்ட எலும்புகள் வெளிப்பட்டன. ஆராய்ந்த டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் அவை டன்பார் கைதிகளுடையவை என்று 2015ல் அறிவித்தார்கள். அவர்களில் பலர் 13 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். 2018ல், 368 ஆண்டுகளுக்குப் பின், டர்ஹாமிலேயே ஜெபத்தோடு அவர்களை அடக்கம் செய்தார்கள்.