பரியாயச் சொற்களின் நீதிபதிகள்

ஒரு காரியம் நடந்தேறியபின் விளைந்து நிற்பதைச் சொல்ல ஆங்கில பாஷையில் ரிசல்ட், அவுட்கம், கான்ஸிக்வென்ஸ், இஷ்யூ, அப்ஷாட் என்று ஒரு கூட்டமே உண்டு. இவற்றுள் எது எவ்விடத்துக்கு உரியது என்று தீர்ப்பளிப்பதையே வேலையாக எடுத்துக்கொண்ட பண்டிதர் பரம்பரை ஒன்றும் இங்கிலாந்தில் உண்டு.

வழி காட்டியது பிரான்ஸ். ஒரே அர்த்தமுடையவை என்று கருதப்படும் சொற்களுக்குள்ளும் சூக்ஷ்மமான பேதம் உண்டென்று கிரார் என்ற பாதிரியார் 1718-ல் நூல் எழுத, அதைப் பெரிதும் தழுவி 1766-ல் ஜான் டிரஸ்லர் ஆங்கிலத்தில் ஒன்று வெளியிட்டார். ஆனால் இப்பரம்பரையில் எனக்குப் பிரியமானவர் ஹெஸ்டர் பியோஸி என்ற சீமாட்டியே. மதுவடிசாலை முதலாளியான முதற்கணவர் காலத்தில் தம் ஸ்ட்ரெதம் மாளிகையில் டாக்டர் ஜான்ஸனை ஆண்டுக்கணக்கில் உபசரித்து, விதவையானபின் 1784-ல் இத்தாலிய சங்கீத வித்வான் ஒருவரை மணந்து, அதனாலேயே ஜான்ஸனின் சிநேகத்தை இழந்த அந்த அம்மையார், 1794-ல் இரண்டு பாகங்களில் பரியாயச் சொல் நூல் ஒன்றைப் பிரசுரித்தார். அன்றாட சம்பாஷணையில் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்பதே அவர் விஷயம். வீட்டிலேயே ஓர் அந்நிய பாஷைக்காரரோடு வாழ்ந்தவருக்கு அதன் அவசியத்தை எவரும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

1816-ல் வந்த ஜார்ஜ் க்ராப் பள்ளிக்கூடத்து மனிதர். சொல்லின் மூலத்தைத் தோண்டி, அதிலிருந்து பேதத்தை நிர்ணயிக்க முயன்றார். மூலம் சுவாரஸ்யமானதுதான், சந்தேகமில்லை. ரிசல்ட் என்பது லத்தீனில் துள்ளித் திரும்புவதைக் குறித்த சொல்; ஈவென்ட் என்பது வெளிவருவது, ஷேக்ஸ்பியர் காலத்தில் அதற்கு விளைவு என்ற பொருளும் உண்டு; இன்று அது ஏதோ ஒரு சம்பவமாகச் சுருங்கிவிட்டாலும், 'இன் தி ஈவென்ட்' என்று பிரிட்டிஷார் சொல்லும்போது அந்தப் பழம்பொருள் எட்டிப்பார்க்கிறது. அப்ஷாட், வில்வித்தைப் போட்டியில் இறுதியாக எய்யப்படும் அம்பு; அது போய்த் தைத்தபின் மேலே எய்வதற்கு ஒன்றுமில்லை. அவுட்கம் ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து வந்து, கார்லைலின் எழுத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. ஆயினும் இந்த வம்சாவளியை மனப்பாடம் செய்தவன் சொல்லைச் சரியாகக் கையாளுவான் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிரயோகம் என்பது பிறப்பைவிடப் பழக்கத்தைப் பொறுத்தது.

1852-ல் பீட்டர் மார்க் ரோஜே என்ற வைத்தியர் வேறு பாதையில் சென்றார். 1805-ல் தம் சொந்த உபயோகத்துக்காகத் தொடங்கிய சொற்றொகுதியை எழுபத்து மூன்றாம் வயதில் விரித்து வெளியிட்ட அவர், சொற்களை ஆயிரம் தலைப்புகளின் கீழ் அடுக்கினாரே தவிர, அவற்றினிடையே உள்ள வேற்றுமையை விளக்குவது தம் வேலையல்ல என்று ஒதுங்கிக்கொண்டார். மளிகைக் கடையில் டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டு, எதைக் குழம்பில் போடுவதென்பதை வாங்குபவனுக்கு விட்டுவிட்டது போலத்தான் அது. கடை அமோகமாக நடந்தது. அவர் உயிரோடிருந்தபோதே பல பதிப்புகள் வந்தன.

தீர்ப்பு வழங்கும் வழக்கம் 1926-ல் ஹென்றி ஃபௌலரோடு புத்துயிர் பெற்றது. முன்னாள் பள்ளி ஆசிரியரான அவர் வீண் சொற்களைக் கண்டு சிடுசிடுத்த தோரணை பின்வந்த பத்திரிகாசிரியர்களுக்கும் தொற்றியது. 'எண்ட் ரிசல்ட்' என்ற தொடரின்மேல் அவர்கள் கொண்ட கோபம் பிரசித்தம்: ரிசல்ட்டே முடிவில் வருவதாயிருக்க, 'எண்ட்' எதற்கு? நியாயமான கேள்விதான், எனினும் ஒரு சோதனைச்சாலையில் நடுநடுவே பல ரிசல்ட்டுகள் கிடைத்து, அவற்றுக்கெல்லாம் பிறகு கடைசியாக ஒன்று கிடைக்குமானால், அதை வேறுபடுத்திக் காட்ட அந்த 'எண்ட்' அவசியமாகிறது. 'ஃபைனல் அவுட்கம்' என்பதற்கும் இதே சமாதானம்.

என் அபிப்பிராயம் இது: கணக்குக்கும் பரீக்ஷைக்கும் ரிசல்ட்; எப்படி முடியுமென்று தெரியாத தேர்தலுக்கும் வழக்குக்கும் அவுட்கம்; செய்த காரியம் செய்தவன் தலையிலேயே விடியும்போது கான்ஸிக்வென்ஸ்; நண்பரிடம் கதையைச் சுருக்கிச் சொல்லும்போது அப்ஷாட். 'எண்ட்', 'ஃபைனல்' இரண்டையும், இடையில் வேறு ரிசல்ட் இருந்தாலன்றி, எழுதாமலே விட்டுவிடுங்கள்.