ஆலப்பாக்கம் ரோடும் கிண்டில் பூட்டும்



போன வாரம் அம்பத்தூரில் ரயில் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒருவர் கிண்டிலில் தமிழ் நாவல் படித்துக்கொண்டிருந்தார். "முடிச்சதும் எனக்குத் தருவீங்களா சார்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "தரணும்னா மிஷினையே தரணும் தம்பி" என்று சிரித்தார். பி.காம் படிக்கிறவன் மூளை சும்மா இருக்குமா? அவர் காசு கொடுத்து வாங்கியது புத்தகமா, படிக்கும் அனுமதியா?

கொஞ்சம் பின்னால் போவோம். மோபிபாக்கெட் என்று ஒரு பிரெஞ்சு நிறுவனம். மின்னூலுக்கென்று தனி ஃபார்மட் வைத்திருந்தது. 2005-ல் அமேசான் அதை வாங்கியது. 2007 நவம்பரில் கிண்டில் வந்தபோது, உள்ளே இருந்தது அந்த மோபிபாக்கெட் ஃபார்மட்டின் வாரிசுதான். அதே 2007-ல்தான் எல்லோருக்கும் பொதுவான இபப் என்ற ஃபார்மட்டும் தரநிலையாக வெளிவந்தது. ஆக, ஒரே வருடத்தில் இரண்டு பாதைகள். ஒன்று கம்பெனிக்குச் சொந்தம், மற்றது ஊருக்குப் பொது. கிண்டில் விதிகளைப் படித்துப் பாருங்கள், மின்னூல் விற்கப்படவில்லை, உரிமம்தான் தரப்படுகிறது என்று இருக்கும். வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாக மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் அமேசான் எடுத்துவிட்டது.

நம் நாட்டிலும் கதை உண்டு. 2012-ல் மின்னூல் விற்கத் தொடங்கிய ஃப்ளிப்கார்ட், 2015 கடைசியில் அந்தக் கடையை மூடி, வாடிக்கையாளர்களை கோபோ பக்கம் அனுப்பியது. கனடாவில் பிறந்த அந்த கோபோவையே ஜப்பானின் ரகுடென் 2012-ல் வாங்கியிருந்தது. பெங்களூர் கடையில் வாங்கிய புத்தகத்தைப் படிக்க ஜப்பான்காரர் கணக்கு வேண்டும்! மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019-ல் தன் மின்னூல் கடையை மூடி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசகர்கள் வாங்கி வைத்திருந்த புத்தகங்களையும் எடுத்துக்கொண்டது. பணம் வந்துவிட்டது, சரி. ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு?

இப்போது நம்ம ஏரியா. வெஸ்ட்லேண்ட் புத்தகம் ஏதாவது கையில் இருந்தால் முதல் பக்கங்களைப் புரட்டுங்கள். மதுரவாயல், ஆலப்பாக்கம் மெயின் ரோடு முகவரி இருக்கலாம். பூந்தமல்லி பஸ்ஸில் போனால் தாண்டிப் போகிற இடம். டாடாவின் டிரென்ட் கையில் இருந்த இந்தப் பதிப்பகத்தை அமேசான் 2016-ல் முழுதாக வாங்கியது. கிண்டில் கடையில் தமிழ் மின்னூல்கள் வந்ததும் அதே 2016 டிசம்பரில்தான். 2022 பிப்ரவரியில் வெஸ்ட்லேண்டை மூடுவதாக அறிவிப்பு வந்தது. மார்ச் மாதத்தோடு விற்பனை நின்றது. எழுத்தாளர்கள் பதறினார்கள். பிறகு பிரதிலிபி கைகொடுக்க, அதே பெயரில் மறுபடி எழுந்தது. புதிய புத்தகங்களிலும் முகவரி அதே ஆலப்பாக்கம் மெயின் ரோடுதான்! இத்தனை கை மாறியும், வாசகர் வீட்டு அலமாரியில் இருந்த அச்சுப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட மறையவில்லை.

முதலாளி மாறுவது இல்லை ஆபத்து. வியாபாரத்தில் அது சகஜம். பூட்டின் சாவியும் அவரோடு போய்விடுவதுதான் ஆபத்து.

தமிழருக்கு இது புதிதும் இல்லை. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு இருந்த காலத்தில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஆனால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. காரணம் எளிது. டிஸ்கி குறியீட்டில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். யுனிகோட் வந்ததும் மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2013-ல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளமும் இதே வழிதான். இபப், மோபி, 6 அங்குல பி.டி.எஃப். என்று பல வடிவங்களில் பூட்டில்லாமல் தருகிறார்கள். மோபி போனாலும் இபப் இருக்கும்.

கிண்டில் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானே காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன் :-) ஆனால் விலையை ஒப்பிடும்போது ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டு, பூட்டிய மின்னூலுக்கு அது பூஜ்யம். அதனால் பூட்டில்லாமல் கிடைக்கிற நூலை இறக்கி வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். திரும்பத் திரும்பப் படிக்கிற நூலை அச்சில் வாங்குங்கள்.

அன்று ரயில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் நின்றது. அவர் கிண்டிலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் அல்லிக்குளம் பக்கம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனேன். அங்கே வாங்கிய ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில், யாரோ ஒரு தாத்தா பேரனுக்கு எழுதிக் கொடுத்த வாழ்த்து இன்னும் அழியாமல் இருக்கிறது.