உப்பை எடுத்த டாக்டர்

அப்பாவுக்கு பிரஷர் வந்ததிலிருந்து மதுரையில் எங்க வீட்டில் தினம் ஒரு உப்புச் சத்தியாகிரகம். மோர்மிளகாய் டப்பாவை அம்மா ஒளிச்சு வைப்பாங்க, அப்பா கண்டுபிடிச்சிடுவார்.

1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். 1939-ல் அமெரிக்காவில் ஒருத்தர் சாப்பாட்டிலிருந்து உப்பையே எடுத்துட்டார். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வந்த டாக்டர் வால்டர் கெம்ப்னர், டியூக் பல்கலைக்கழகம். பிரஷருக்கு உருப்படியான மாத்திரை இல்லாத காலம் அது. அவர் கொடுத்தது சோறு, பழம், சர்க்கரை. உப்பு கிடையாது. 1942-ல் ஒரு பெண்மணியை இரண்டு வாரம் அப்படிச் சாப்பிடச் சொன்னார். அவர் ஜெர்மன் உச்சரிப்பு புரியாமல் அந்தம்மா இரண்டு மாசம் சாப்பிட்டுட்டு வந்தாங்க. பிரஷர் நல்லா இறங்கியிருந்தது!

இதை அப்பாவிடம் சொன்னது என் தப்பு. "அப்ப சோறுதான் மருந்து"ன்னு இன்னொரு கரண்டி போட்டுக்கிட்டார். சோறு இல்லப்பா, முக்கியமா உப்பு போனதுதான்! 2001-ல் வந்த டாஷ் ஆய்விலும் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் சேர்த்து, கூடவே உப்பையும் குறைத்தவங்களுக்குத்தான் பிரஷர் அதிகம் இறங்கியது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே, ஒரு டீஸ்பூன்கூட வராது. அப்பளம், ஊறுகாய், வடுமாங்காய் எல்லாம் சேர்த்துத்தான்.

டப்பா இப்போ என் அலமாரியில் இருக்கு. அப்பாவிடம் சொல்லிடாதீங்க.