டாட்டிங்

நாடா என்னும் கையடக்கமான சிறு கருவியில் நூலைச் சுற்றிக்கொண்டு, இடக்கை விரல்களின் மேல் விரித்த நூலில் முடிச்சுக்குமேல் முடிச்சாக இட்டு, வளையங்களும் வளைவுகளுமாக லேஸ் பின்னும் ஐரோப்பியக் கைவேலைக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் டாட்டிங். ஜெர்மானியர் அதன் கருவியின் உருவத்தை நோக்கிச் சிறுபடகு வேலை என்று பொருள்படும் பெயரொன்றையும், கண்கள் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லைக் கடன்வாங்கி ஒக்கி என்ற பெயரையும் வழங்குவர். இத்தாலியரோ அளவளாவுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து வேறொரு நாமத்தை ஆக்கிக்கொண்டனர்.

பிரெஞ்சுக்காரர் சூட்டிய ஃபிரிவோலித்தே என்பதற்கு அற்பத்தனம் என்பதே அர்த்தம். இந்தப் பெயர் அநியாயமானது. இரண்டு வர்ண நூல்களால் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பின்னும்போது, நாடாவின் நூல் ஒரு நிறமும் தனியே உருண்டையாகச் சுற்றி வைத்த நூல் மற்றொரு நிறமுமாக இருப்பின், வளையங்கள் முழுவதும் நாடாவின் நிறமாகவே அமைய, வளைவுகளிலோ உருண்டை நூலே முடிச்சாகி நாடா நூலைத் தன்னுள் மறைத்துவிடுவதால், சிறகின் உட்பாகமும் விளிம்பும் வெவ்வேறு வர்ணங்களாகத் தாமே பிரிந்து நிற்கும். ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும், நாடா நூலில் விழுந்த சுருக்கு விரல்களின் மேல் விரித்த நூலுக்குத் தாவியாக வேண்டும். தாவாவிடில் வளையம் இழுத்து மூடப்படாது, வளைவில் மறைய வேண்டிய நிறமும் வெளியே தெரிந்துவிடும். இத்தனை சூக்ஷ்மமான அவதானத்தைக் கோரும் வேலையை அற்பம் என்பது எவ்விதத்திலும் பொருந்தாது.