ரியோ கிராண்ட்: யார் குழந்தைகளை யார் பிடித்துக்கொண்டு போனார்கள்?

பழைய கௌபாய் படங்களை விடாமல் பார்ப்பவர்களிடம் 1950-ல் வந்த 'ரியோ கிராண்ட்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஜான் ஃபோர்டின் குதிரைப்படைப் படங்கள் மூன்றில் இதுதான் கடைசி, தரத்திலும் கடைசி" என்பார் ஒருவர். "பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் கதை" என்பார் இன்னொருவர். "ஜான் வெய்ன் - மௌரீன் ஓ'ஹாரா ஜோடிக்காகவே பார்க்கலாம்" என்பது மூன்றாவது கட்சி. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவர்களில் அதிகம் பேர் பேசாத ஒரு விஷயம் உண்டு. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் பட்ஜெட் கதை. ஃபோர்டுக்கு அயர்லாந்து போய் 'தி கொயட் மேன்' எடுக்க வேண்டும் என்று பல வருட ஆசை. ரிபப்ளிக் பிக்சர்ஸ் முதலாளி ஹெர்பர்ட் யேட்ஸ் அதில் நஷ்டம்தான் வரும் என்று நினைத்தார். "அதே ஆட்களை வைத்து முதலில் ஒரு குதிரைப்படைப் படம் எடுத்துக்கொடு, நஷ்டத்தை அதில் ஈடுகட்டிக்கொள்கிறேன்" என்பது அவர் போட்ட நிபந்தனை. ரிபப்ளிக் என்பது மலிவு விலை கௌபாய் படங்களுக்குப் பேர்போன கம்பெனி. முந்தைய வருடப் படம் கலரில் ஜொலித்தது, இது கறுப்பு வெள்ளை. டெக்சாஸ் எல்லையில் நடக்கும் கதையை யூட்டா மாநிலத்தின் மோவாப் பக்கம் எடுத்தார்கள். படத்தில் நீங்கள் பார்க்கும் ரியோ கிராண்ட் நதி, நிஜத்தில் கொலராடோ நதி!

அப்புறம் நடந்தது யேட்ஸ் எதிர்பார்க்காதது. 1952-ல் வந்த 'தி கொயட் மேன்' நன்றாக ஓடியது, ஃபோர்டுக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கரையும் வாங்கிக் கொடுத்தது. நஷ்டத்துக்கு முட்டுக் கொடுக்கப் பிறந்த படத்தைத்தான் நாம் இன்னும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, கதை என்ன? கர்னல் கிர்பி யார்க் எல்லைக் கோட்டை ஒன்றின் தலைவர். அப்பாச்சிகள் இந்தப் பக்கம் வந்து தாக்கிவிட்டு நதியைத் தாண்டி மெக்சிகோவுக்குள் போய்விடுகிறார்கள். நதியைத் தாண்ட யார்க்குக்கு அனுமதி இல்லை. பிரிந்துபோன மனைவி, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த மகன் என்று குடும்பக் கதை ஒரு பக்கம். கடைசியில் ஜெனரல் ஷெரிடன், காகிதத்தில் எழுதாமல் வாய்மொழியாக உத்தரவு தருகிறார்: தாண்டிப் போ. அதற்குள் அப்பாச்சிகள் கோட்டைக் குழந்தைகளைக் கடத்திவிடுகிறார்கள். படை நதியைத் தாண்டுகிறது, குழந்தைகளை மீட்கிறது. சுபம்.

இங்கே புனேயில் ஒரு மழை நாளில் வீட்டில் எல்லோருமாக இதைப் பார்த்தோம். பாட்டுகளைப் பார்த்து என் மனைவி "நம்ம ஊர்ப் படம் மாதிரியே இருக்கே" என்றார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் மட்டும், "அப்பா, அந்தக் குழந்தைங்களை அவங்க ஏன் தூக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டான். படத்தில் பதில் இல்லை. சரித்திரத்தில் தேடினால் கேள்வியே தலைகீழாகிறது.

இந்தக் கதையை ஜேம்ஸ் வார்னர் பெல்லா 1947-ல் ஒரு பத்திரிகைச் சிறுகதையாக எழுதினார். அதற்குப் பின்னால் இருக்கும் நிஜச் சம்பவம் 1873 மே மாதம் நடந்தது. டெக்சாஸின் ஃபோர்ட் கிளார்க்கில் நான்காவது குதிரைப்படையின் தலைவர் கர்னல் ரானல்ட் மெக்கன்சி. ஏப்ரலில் ஷெரிடனே நேரில் வந்து அவருடன் பேசிவிட்டுப் போனார். எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லை. மே 17 இரவு சுமார் 400 பேருடன் மெக்கன்சி நதியைத் தாண்டினார். விடியவிடியக் குதிரை ஓட்டி, மறுநாள் காலை ரெமோலினோ என்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கிக்கபூ, லிப்பான் அப்பாச்சி குடியிருப்புகளைத் தாக்கினார்.

அப்போது கிக்கபூ ஆண்களில் பெரும்பாலோர் ஊரில் இல்லை. இறந்தவர்கள் 19 பேர் என்று அறிக்கை போனது. குடிசைகள் எரிக்கப்பட்டன. சுமார் 40 பேரைச் சிறைபிடித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். தூக்கக் கலக்கத்தில் விழாமலிருக்க அவர்களைக் குதிரைகளோடு சேர்த்துக் கட்டினார்கள் என்று படையிலிருந்த லெப்டினன்ட் ராபர்ட் கார்ட்டர் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவர்களை டெக்சாஸ் கொண்டுபோய், பிறகு வடக்கே இந்தியர் பிரதேசத்துக்கு அனுப்பினார்கள். குடும்பத்தைப் பார்க்க வேண்டுமானால் நீங்களும் வாருங்கள் என்பதுதான் கணக்கு. கணக்கு பலித்தது. அந்த வருட முடிவுக்குள் 300-க்கும் மேற்பட்ட கிக்கபூக்கள் மெக்சிகோவை விட்டுக் கிளம்பினார்கள்.

அதாவது நதியைத் தாண்டிப் போய்க் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு வந்தது குதிரைப்படை. படத்தில் கடத்தியவர்கள் இந்தியர்கள், மீட்டது குதிரைப்படை. நதி அதே நதி, ஷெரிடன் அதே ஷெரிடன், எழுதாத உத்தரவும் அப்படியே இருக்கிறது. குழந்தைகள் மட்டும் பக்கம் மாறிவிட்டார்கள்.

கிக்கபூக்கள் டெக்சாஸில் புகுந்து மாடு திருடவில்லையா, ஆள் கொல்லவில்லையா என்றால், செய்தார்கள். டெக்சாஸ் பண்ணைக்காரர்களின் இழப்பும் நிஜம்தான். ஆனால் அதற்கும் ஒரு முன்கதை உண்டு. உள்நாட்டுப் போரிலிருந்து தப்பித்து, குடும்பம் குட்டியோடு மெக்சிகோவுக்கு நடந்துகொண்டிருந்த கிக்கபூ கூட்டத்தை, 1865 ஜனவரியில் டவ் க்ரீக் என்ற இடத்தில் டெக்சாஸ் படைகள் தாக்கின. அதை அவர்கள் போர் அறிவிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நம்மில் பலருக்கு அமெரிக்கக் குதிரைப்படை அறிமுகமானது சிவகாசி காமிக்ஸ் வழியாகத்தான். கேப்டன் டைகரை, அதாவது பிரெஞ்சு மூலத்தின் ப்ளூபெரியை, படித்தவர்களுக்குத் தெரியும்: நீலச்சட்டை போட்டவனெல்லாம் நல்லவன் இல்லை. 'ரியோ கிராண்ட்' அந்தச் சந்தேகத்துக்கே இடம் தருவதில்லை. கடத்தப்பட்ட குழந்தை என்று வந்துவிட்டால் எல்லை, சட்டம் எல்லாம் பார்ப்பவர் மனசில் காணாமல் போய்விடும்.

படப்பிடிப்பு நடந்த 1950 கோடையில்தான் கொரியப் போர் வெடித்தது. நவம்பரில் படம் வந்தபோது, சீனப் படைகள் யாலு நதியைத் தாண்டிக் கொரியாவுக்குள் வந்துவிட்டிருந்தன. நாமும் தாண்டிப் போய் அடிக்கலாமா என்பது அமெரிக்காவில் பெரிய விவாதம். தளபதியின் கையைக் கட்டிப்போடாதே என்று இந்தப் படம் சொல்வதாகப் பல விமர்சகர்கள் படித்திருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கிக்கபூக்களின் கதை 1873-ல் முடியவில்லை. எல்லோரும் வடக்கே போய்விடவில்லை. மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்தில் நாசிமியெண்டோ என்ற இடத்தில் அவர்கள் ஊர் இன்றும் இருக்கிறது. எல்லையின் இந்தப் பக்கம் வாழ்ந்த டெக்சாஸ் கிக்கபூக்களை 1983-ல் அமெரிக்கா தனிப் பழங்குடியாக அங்கீகரித்து, ஈகிள் பாஸ் அருகே அவர்களுக்கு நிலம் கிடைக்க வழிசெய்தது.

படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு குதிரைகள் மேல் நின்றபடி நடிகர்களே ஓட்டும் காட்சி ஒன்று போதும், உட்கார்ந்து பார்க்க. வெய்னும் ஓ'ஹாராவும் சேர்ந்த முதல் படம் வேறு. குழந்தைகளோடு பாருங்கள். மீட்புக் காட்சியில் அவர்கள் கை தட்டுவார்கள், தட்டட்டும். படம் முடிந்ததும் ரெமோலினோ பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள்.